தொப்பியின் உட்பட்டையும் டான்பரித் தொழிலாளர் வீடுகளும்

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றைச் சிறிதேனும் பயின்றோர் லோவி எதிர் லாலர் வழக்கைக் கடந்தே வந்திருப்பர். தனியுரிமை வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 1890இல் இயற்றப்பட்ட ஷெர்மன் சட்டத்தை, 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தொழிற்சங்கத்தின் மீதே திருப்பிய வழக்கு அது. நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அது சட்ட வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் நின்றுவிடுகிறது. சங்கம், புறக்கணிப்பு, தீர்ப்பு, இழப்பீடு என்ற வரிசையில் படித்து முடித்துவிடுகிறோம். அந்தப் போராட்டம் எந்தப் பொருளைச் சுற்றி நடந்ததோ, அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அரிது. அதன் உள்ளே இருக்கும் பட்டையைப் புரட்டிப் பார்ப்பவர் அதனினும் அரிது. இப்பதிவு அந்தப் பட்டையைப் பற்றியது.

ஃபெல்ட் என்பது நெய்யப்படாத துணி. முயல், நீர்நாய் போன்ற விலங்குகளின் மென்மயிரை வெந்நீரும் அழுத்தமும் கொண்டு ஒன்றோடொன்று பிணையச் செய்தால், இழையும் ஊடையும் இல்லாத ஓர் ஆடை உருவாகிறது. அதனைக் கூம்பாக்கி, பலமுறை சுருக்கி, மர அச்சில் ஏற்றி வடிவம் கொடுத்தால் தொப்பி. நன்கு செய்த ஃபெல்ட் தொப்பி பல பத்தாண்டுகள் உழைக்கும். நெற்றியின் வியர்வையும் தலையின் எண்ணெயும் அதன் முதற்பகை. ஆகவே தலையைத் தொடும் இடத்தில் மட்டும் உட்புறம் ஒரு தோல்பட்டையைத் தைத்தனர். பெரும்பாலும் மெல்லியதாகச் சீவிய ஆட்டுத்தோல். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், ஃபெல்ட் தப்பிக்கும். தொப்பியின் அளவைத் தீர்மானிப்பதும் அந்தப் பட்டையே.

தையலின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நல்ல தொப்பிகளில் தோலை நேரே ஃபெல்ட்டோடு சேர்த்துத் தைப்பதில்லை. தோலின் கீழோரத்தில், மெல்லிய கம்பி போன்ற ஓர் இழையை உள்ளே வைத்துத் துணியால் மூடிய ஒரு கரையை முதலில் இணைப்பர். பின்னர் அந்தத் துணிக்கரையை மட்டும், கூடும் விளிம்பும் சேரும் மடிப்பில் ஃபெல்ட்டோடு தைப்பர். இதனால் பட்டை ஒரு கீல் போலத் திரும்பும். வேண்டும்போது வெளியே மடித்துத் துடைக்கலாம். உள்ளே மடித்து அணியலாம். பட்டையின் இரு முனைகளும் பின்புறத்தில் சந்திக்கும். அங்கே ஒரு சிறு ரிப்பன் முடிச்சு இருக்கும். எது முன், எது பின் என்று அணிபவருக்குச் சொல்லும் அடையாளம் அது.

பராமரிப்பு பற்றி ஒரு சொல். பழைய தொப்பி வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதைச் சொல்கிறேன். தோல்பட்டை கெடுவதற்கு வியர்வை மட்டும் காரணமன்று. வியர்வை உலரும் விதமும் காரணம். உப்பு தோலில் தங்குகிறது, வெப்பம் ஈரத்தை விரைந்து இழுக்கிறது, தோல் சுருங்கி விறைத்து வெடிக்கிறது. தோல் சுருங்கினால் தொப்பியின் அளவும் குறையும். கழற்றியவுடன் பட்டையை வெளியே மடித்து, அந்தப் பட்டையின் மீதே தொப்பியை நிற்கவைத்து நிழலில் உலர விடுவது பழைய வழக்கம். காற்றும் புகும், விளிம்பும் தட்டையாகாது. தில்லியின் மே மாதத்தில் மூடிய காருக்குள் தொப்பியை விட்டுச் செல்வோர் அதன் பட்டைக்கு முடிவு கட்டுகின்றனர். தோலுக்கு எண்ணெய்ப் பசை இடுவதாயின் மிகக் குறைவாக இடவேண்டும். மிகுந்தால் அது ஃபெல்ட்டுக்குள் இறங்கி வெளிப்புறத்தில் கறையாகத் தோன்றும். தையல் விட்டுப்போன பட்டையைத் திரும்பத் தைப்போர் பழைய ஊசித்துளைகளின் வழியாகவே ஊசியைச் செலுத்த முயல்வர். புதுத் துளைகள் கூடக்கூட, ஃபெல்ட் அந்த மடிப்பில் தபால்தலைத் தாள் போலக் கிழியத் தொடங்கும்.

தபால்தலை உவமையை நான் வேண்டுமென்றே சொன்னேன். அதற்கு வருகிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொப்பித் தொழிலின் தலைநகராயிற்று. தொழிற்சாலைக்குள் வேலை பால்வழியே பிரிந்திருந்தது. மயிரைக் கூம்பாக்கிச் சுருக்குவதும், அச்சில் ஏற்றி மெருகிடுவதும் ஆண்களின் பணி. திறன் மிக்கோர் என்ற பெயரும் நல்ல கூலியும் அவர்களுக்கு. ரிப்பன் கட்டுவது, உள்துணி வைப்பது, தோல்பட்டை தைப்பது ஆகியவை பெண்களின் பணி. ‘டிரிம்மர்’ என்று அவர்களை அழைத்தனர். ஒப்பனையாளர் என்று நாம் தமிழாக்கலாம். ஆனால் அச்சொல் அவ்வேலையைச் சிறுமைப்படுத்துகிறது என்பது என் எண்ணம். ரிப்பன் இல்லாத தொப்பியை அணியலாம். பட்டை இல்லாத தொப்பி ஒரு கோடைக்குக் கூடத் தாங்காது. டேவிட் பென்ஸ்மன் அமெரிக்கத் தொப்பி மெருகாளர்களின் ஒற்றுமை மரபைப் பற்றி 1985இல் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது. அதன் மையம் ஆண் மெருகாளர்களே. ஆயினும் சங்கம் தன் பேராயுதத்தை ஒளித்துவைத்த இடம் பெண்களின் ஊசி போய்வந்த இடம் என்பதைப் பொருளை முன்வைத்துப் படிக்கும்போது உணர்கிறோம்.

அந்த ஆயுதம் ஒரு துண்டுத்தாள். தொப்பித் தொழிலாளர் சங்கங்கள் 1880களிலேயே முத்திரைச் சீட்டு முறையைக் கைக்கொண்டன. 1896இல் அவை இணைந்து வட அமெரிக்க ஐக்கியத் தொப்பித் தொழிலாளர் சங்கம் உருவான பின்னர் அம்முறை முழு வலிமை பெற்றது. சங்க விதிகளை ஏற்ற ஆலைக்கு மட்டும் சீட்டு வழங்கப்படும். அது தொப்பியின் தோல்பட்டைக்கு அடியில் வைத்துத் தைக்கப்படும். வாங்குபவர் கடையில் நின்று தொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பட்டையை மடித்துச் சீட்டைத் தேடவேண்டும். சீட்டு இல்லையேல் வாங்கலாகாது.

அக்காலத் தொழிலாளர் இதழ்களில் இச்சங்கம் வெளியிட்டுவந்த அறிவிப்பு, ஓர் ஆவணத்தை எப்படிச் சரிபார்ப்பது என்ற பாடம் போலவே இருக்கும். உண்மையான சீட்டுக்கு நான்கு ஓரங்களிலும் தபால்தலைக்கு இருப்பது போன்ற துளைவரிசை உண்டு. போலிகளுக்குச் சில ஓரங்களில் மட்டுமே அது இருக்கும். கடைக்காரர் தனியாகச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, வேண்டுமானால் ஒன்றை உள்ளே செருகித் தருகிறேன் என்று சொன்னால் நம்பாதீர். கடையில் தனியே கிடக்கும் சீட்டுகள் போலியே. இப்படிச் செல்கிறது அந்த எச்சரிக்கை. சீட்டின் மெய்ம்மை தாளில் மட்டும் இல்லை, தையலிலும் இருந்தது என்பதே இதன் பொருள். ஆலைக்குள், பட்டையோடு பட்டையாக, ஒரே நூலில் தைக்கப்பட்டிருந்தால்தான் அது சான்று.

டான்பரியில் டீட்ரிக் லோவி என்பவரின் ஆலை சங்கத்தை ஏற்க மறுத்தது. அந்த வகைத் தொப்பிகளைச் செய்த 82 நிறுவனங்களுள் 70 ஏற்கெனவே சங்கத்துக்கு உடன்பட்டுவிட்டன என்று லோவியின் மனுவே கூறுகிறது. 1902இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. லோவி வெளியாட்களைக் கொண்டு ஆலையை நடத்தினார். சங்கம் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் துணையுடன் நாடு தழுவிய புறக்கணிப்பை அறிவித்தது. லோவி தொப்பிகளை விற்ற தொலைதூர வணிகர்களிடமும் சங்கத்தின் முகவர்கள் சென்றனர்; சான் பிரான்சிஸ்கோவின் மொத்த வணிக நிறுவனம் ஒன்று அதற்காகவே புறக்கணிக்கப்பட்டது.

லோவி தனித்து நிற்கவில்லை. முதலாளிகள் 1902இல் அமைத்த புறக்கணிப்பு எதிர்ப்புச் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. 1903இல் வழக்குத் தொடுத்தபோது அவர்கள் தேர்ந்த உத்தியைப் பாருங்கள்.  டான்பரியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் மீது தனித்தனியே வழக்கு. அவர்களுடைய வீடுகளும் வங்கிச் சேமிப்புகளும் ஜப்தி செய்யப்பட்டன. சொந்த வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளோரைத் தேடிப் பெயர் சேர்த்தனர். தலைமுறை உழைப்பில் கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே, அதை விற்கவோ அடகுவைக்கவோ இயலாமல் ஒரு தொழிலாளர் சமூகம் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தது.

1908 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ஃபுல்லர் எழுதிய ஒருமித்த தீர்ப்பு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுக்கும் கூட்டு முயற்சி எனப் புறக்கணிப்பை ஷெர்மன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வழக்கு மீண்டும் விசாரணைக்குப் போய், இழப்பீடு சட்டப்படி மும்மடங்காக்கப்பட்டு, செலவுகளோடு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. 1915இல் அதனை உறுதிசெய்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். சந்தா செலுத்தி உறுப்பினராக நீடித்தவர், சங்கத்தின் நடவடிக்கைகளை அறிந்திருக்க வேண்டியவர். ஆகவே பொறுப்பாளி என்பது அதன் சாரம். தாராளப் போக்குடைய நீதிபதி எனப் போற்றப்படும் ஹோம்ஸின் பேனாவிலிருந்து இது வந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும். தொப்பியின் உட்புறத்தைப் பார்த்து அதன் உடைமையாளரின் வாழ்க்கையை ஊகித்த இன்னொரு ஹோம்ஸை நாம் கதைகளில் அறிவோம். வியர்வைத் தடத்தில் ஒரு மனிதனைக் கண்ட கூர்மை அந்தக் கற்பனைத் துப்பறிவாளருக்கு இருந்தது.

1916 ஜனவரியில் ஒரு நாள் தங்கள் ஒரு மணி நேரக் கூலியை டான்பரித் தோழர்களுக்கு வழங்குமாறு தொழிலாளர் கூட்டமைப்பு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 1917இல் சுமார் இரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. அதில் பெரும்பகுதி அப்படித் திரட்டிய நிதி. வீடுகள் மீண்டன. அவற்றுக்காகக் காத்திருந்தோர் எல்லாரும் அதுவரை உயிரோடு இல்லை.

இடையில் 1909இல் இன்னொரு போர். தொப்பி முதலாளிகளின் கூட்டமைப்பு, இனிச் சீட்டையே தைக்கமாட்டோம் என்று அறிவித்தது. டான்பரியிலும் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரத்திலும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். அவர்களுள் பட்டை தைத்த பெண்களும் இருந்தனர். கூலி உயர்வுக்காகவோ வேலைநேரக் குறைப்புக்காகவோ எழுந்த போராட்டம் அன்று இது. பட்டைக்கடியில் ஒரு துண்டுத்தாள் இருக்கவேண்டுமா, வேண்டாமா என்பதே சச்சரவு. வெளியிலிருந்து பார்ப்போர் இதனை அற்பம் என்று நகைக்கலாம். சீட்டு போய்விட்டால் வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே இருந்த ஒரே உரையாடலும் போய்விடும் என்பது தொப்பித் தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவையும் சொன்னபின் அந்தச் சீட்டு எதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முயல் மயிர் நன்கு பிணைவதற்காக அதனைப் பாதரச நைட்ரேட் கரைசலில் பதப்படுத்தினர். பின்னர் சுருக்கும்போதும் நீராவியில் வடிவமைக்கும்போதும் பாதரச ஆவி மூடிய அறைகளில் நிறைந்தது. கை நடுங்கும், ஈறு புண்ணாகும், பல் ஆடும். அதனினும் கொடிதாக மனம் கூசிச் சுருங்கும், காரணமின்றிச் சினம் எழும். ஊர்ப்பெயரையே நோய்க்கு வைத்து ‘டான்பரி நடுக்கம்’ என்றனர். நியூ ஜெர்சி மருத்துவர் அடிசன் ஃப்ரீமன் 1860இலேயே தொப்பித் தொழிலாளரிடையே காணும் பாதரச நோய் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் விலக்கப்பட்டது 1941 டிசம்பரில். 81 ஆண்டுகள். அந்த இடைவெளி முழுவதும், பட்டைக்கடியில் இருந்த சீட்டு நியாயமான கூலிக்குச் சான்றளித்தது. நடுங்காத கைக்கு அல்ல. கூலியையும் சங்க உரிமையையும் விட்டுக்கொடுக்காத அமைப்பு, நஞ்சைத் தொழிலின் இயல்பு என்று இத்தனை காலம் ஏற்றுக்கொண்டது ஏன் என்ற வினாவை ஆய்வாளர் தவிர்க்கலாகாது. சங்கத்தின் மீது பரிவுடையோர் கூடுதலாகவே கேட்கவேண்டும்.

அந்தப் பாதரசம் இன்றும் பழைய ஃபெல்ட்டில் எஞ்சியிருக்கிறது. அருங்காட்சியகங்களில் உள்ள தொப்பிகளைச் சோதித்தபோது அது வெளிப்பட்டுள்ளது. 1941க்கு முற்பட்ட தொப்பியின் பட்டையைப் பிரிப்போர் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலைசெய்ய வேண்டும்; அதனை நீராவியில் காட்டவே கூடாது.

பழுதுபார்ப்பின் வரலாறு இங்கேதான் குறுக்கிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் தொப்பி துலக்கும் கடைகள் இருந்தன. பலவற்றைக் கிரேக்கக் குடியேறிகள் காலணி மெருகிடும் கடையோடு சேர்த்து நடத்தினர். ரிப்பனையும் பட்டையையும் அகற்றி, ஃபெல்ட்டைக் கழுவி, மீண்டும் அச்சில் ஏற்றிப் புதுப்பட்டை தைத்துத் தருவர். வாடிக்கையாளருக்கு அது நல்ல சேவை. ஆனால் பழைய பட்டையோடு ஆலையின் பெயர், கடையின் பெயர், உடைமையாளரின் முதலெழுத்துகள், சங்கச் சீட்டு அனைத்தும் குப்பைக்குப் போயின.

இதே வேலையைச் சிலர் மோசடியாக்கினர். தூக்கியெறிந்த தொப்பிகளை மொத்தமாக வாங்கிக் கழுவி, புதுப்பட்டை தைத்து, புதியவை என விற்றனர். ஃபெடரல் டிரேட் கமிஷன் எனும் அமெரிக்க வணிக ஆணையம் 1930களிலிருந்து பல ஆண்டுகள் இத்தகையோர் மீது ஆணைகள் பிறப்பித்தது. அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒன்றே. பழைய பொருளிலிருந்து செய்தது என்ற செய்தியைப் பட்டையின் வெளித்தெரியும் பக்கத்தில், பட்டையைச் சிதைக்காமல் அழிக்க முடியாதபடி பதிக்கவேண்டும். பட்டையே இல்லையெனில் தொப்பியின் உடலில் உட்புறமாகப் பதிக்கவேண்டும். தொழிலாளர் தம் பெயரை ஒளித்துவைத்த அதே இரண்டங்குல அகலத் தோலில் அரசும் தன் சொல்லை எழுதவைத்தது. உண்மை எழுதப்படவேண்டிய இடம் அது என்பதில் சங்கமும் ஆணையமும் ஒத்துப்போயின.

வியர்வைச் சிக்கலுக்கு நம் நாடு கண்ட விடைகள் வேறு. காலனிய அதிகாரிகளின் நெட்டித் தொப்பியில் பட்டை கூட்டோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு நிற்கும். வியர்வையைக் காற்றிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. காந்தியின் விடை இன்னும் எளியது. வெள்ளைக் கதர்த் தொப்பியைத் தாம் வடிவமைத்த காரணங்களை அவர் காகா காலேல்கரிடம் விளக்கியிருக்கிறார். பருத்தித் தொப்பியை மடிக்கலாம், எளிதில் துவைக்கலாம். வெள்ளை நிறம் அழுக்கைக் காட்டிக்கொடுப்பதால் துவைத்தே ஆகவேண்டும் என்பது அவர் தருக்கம். அழுக்கை மறைக்கும் தொப்பிக்குப் பட்டை வேண்டும். காட்டும் தொப்பிக்குச் சோப்பு போதும். எம்மா டார்லோவின் இந்திய உடை பற்றிய நூலை வகுப்பில் படிக்கும்போது, அடையாள அரசியலோடு சலவையையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்று பழைய தொப்பிகளைச் சேகரிப்போரும் பழுதுபார்ப்போரும் பெருகியிருக்கின்றனர். வெடித்த பட்டையை வெட்டியெறிந்து புதிய தோலைத் தைப்பதே அவர்களிடம் பரவலான வழக்கம். அணிவதற்கென்றால் அதில் தவறில்லை. ஆனால் ஒருமுறையேனும் தேடாமல் வெட்டவேண்டாம் என்பது என் வேண்டுகோள். பின்முடிச்சிலிருந்து தொடங்கிப் பட்டையை மெல்ல வெளியே மடியுங்கள்; விறைத்திருந்தால் இழுக்காதீர்கள், அது மடிப்பிலேயே முறியும். உள்ளே அளவைக் குறைக்கச் செருகிய காகிதச் சுருள் இருக்கலாம். அளவெண் தாள் இருக்கலாம். அமெரிக்கத் தொப்பியாயின் சங்கச் சீட்டும் இருக்கக்கூடும். அதில் உள்ள சங்கத்தின் பெயரைப் படியுங்கள். தொப்பித் தொழிலாளரும் குல்லாய், மகளிர் தொப்பித் தொழிலாளரும் 1934இல் ஒரே சங்கமாக இணைந்ததால், இணைந்த பெயர் இருந்தால் தொப்பி அதற்குப் பிற்பட்டது. நான்கு ஓரங்களையும் எண்ணிப் பாருங்கள். பட்டையை மாற்றியே ஆகவேண்டுமெனில் பழைய தையலின் நூலோடு சீட்டைப் படமெடுத்து, பழைய பட்டையை ஓர் அமிலமற்ற காகித உறையிலிட்டு, தொப்பிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.